துறப்பும் நம்பகமும்: படைத்துறையின் இரகசியப் பணியும் இரண்டாம் குடியுரிமையும்

1751 டிசம்பரில் ஆரணிக்கு அருகே ஒரு போர் நடந்தது. ஆர்க்காட்டு முற்றுகையைத் தாங்கி நின்ற ராபர்ட் கிளைவ், மொராரி ராவின் மராட்டியக் குதிரைப்படையைத் துணைக்கொண்டு, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபையும் அவருடன் நின்ற பிரெஞ்சுப் படையையும் அங்கே முறியடித்தார். பிரெஞ்சுக்காரரிடம் பயிற்சி பெற்றிருந்த சிப்பாய்கள் ஏறத்தாழ 600 பேர், போர் முடிந்ததும் கிளைவிடம் வந்து சேர்ந்தார்கள். ஆரணியின் ஆளுநரும் பக்கம் மாறி, ஆங்கிலேயர் ஆதரித்த முகம்மது அலியை நவாபாக ஏற்றார். அந்தச் சிப்பாய்கள் எதையும் எழுதிக் கொடுத்துத் துறக்கவில்லை. துறப்பதற்குக் குடியுரிமை என்ற ஒன்று அன்று இல்லை. யார் சம்பளம் தருகிறார், யார் கொடி பறக்கிறது என்பவையே கேள்விகள்.

பட்டு நெசவுக்குப் பெயர்பெற்ற ஆரணியைச் சுற்றியுள்ள பழைய வட ஆர்க்காட்டு நிலம் இன்றும் படைக்கு ஆள் தரும் நிலம். வேலூரை அடுத்த கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே மக்கள் அழைக்கிறார்கள். இதே நிலத்திலிருந்து வெளிநாடு சென்று அங்கே குடியுரிமை பெற்றவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் உள்ளனர். இவர்களில் ஒருவர் ஏதேனும் ஒரு நாட்டின் படைத்துறையில் இரகசிய ஆவணங்களைக் கையாளும் பணியை நாடினால், அவருடைய மற்றொரு குடியுரிமை குறுக்கே வந்து நிற்கிறது. அதைத் துறந்தால்தான் பாதுகாப்பு அனுமதி என்று அரசு சொல்வது சரியா?

சரியில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். முழுமையான பற்றை எதிர்பார்க்க அரசுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பற்றுக்குத் துறப்புச் சான்றிதழையே அளவுகோலாக்கும் அரசு, தன் பாதுகாப்பின் சாவியை அயல்நாட்டின் கையில் கொடுத்துவிடுகிறது.

இந்தியச் சட்டத்தின் நிலை

இந்தியாவில் இந்தச் சிக்கல் வாசலிலேயே முடிந்துவிடுவதாகத் தோன்றும். 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் பிரிவு 9இன்படி, ஒருவர் தாமாக முன்வந்து வேறு நாட்டின் குடியுரிமையைப் பெற்ற கணத்திலேயே இந்தியக் குடியுரிமை நீங்கிவிடுகிறது. அவர் எந்தத் தாளிலும் கையெழுத்திட வேண்டியதில்லை. பழைய கடவுச்சீட்டை ஒப்படைத்துச் சான்று பெறுவது பின்னால் வரும் நடைமுறை மட்டுமே.

வெளிநாடு வாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை இந்த விதிக்கு விலக்கன்று. பெயரில் குடிமக்கள் என்ற சொல் இருந்தாலும் அது குடியுரிமை தராது. அட்டைதாரருக்கு வாக்குரிமை இல்லை. அரசுப் பணியில் சமவாய்ப்பு உரிமை இல்லை என்று பிரிவு 7பி வெளிப்படையாகக் கூறுகிறது. தாய்நாட்டின் பாதுகாப்பு ஆய்வுப் பணிக்குத் திரும்ப விரும்பும் ஒருவர், அட்டை பெற்று ஐந்து ஆண்டு முடிந்து, பன்னிரண்டு மாதம் இந்தியாவில் குடியிருந்து, முதலில் இந்தியக் குடிமகனாகப் பதிவு பெற வேண்டும்.

ஆயினும் இந்தியப் படை தன் குடிமக்களை மட்டுமே நம்பிய படையன்று. 1947இன் முத்தரப்பு உடன்பாட்டின் வழியாக நேபாளக் கூர்க்கர்கள் தம் நாட்டுக் குடியுரிமையை விடாமலேயே இந்தியப் படையில் பணியாற்றி வந்திருக்கிறார்கள். ஏழு கூர்க்கா ரெஜிமென்ட்டுகள் இந்தியப் படையில் உள்ளன. அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் மத்தியத் தேர்வாணையத்தின் தகுதி விதியும் நேபாளக் குடிமக்களை ஏற்கிறது. இந்தியாவுக்காக உயிர் கொடுத்த கூர்க்கா வீரனிடம் உன் குடியுரிமையை முதலில் துற என்று யாரும் கேட்கவில்லை. அவனுடைய நடத்தை, ரெஜிமென்ட்டின் மரபு, இரு நாடுகளின் உடன்பாடு ஆகியவற்றைக் கொண்டே அவனை எடை போட்டார்கள். நம்பகத்துக்கும் குடியுரிமைக்கும் உள்ள உறவு பிரிக்க முடியாதது அன்று என்பதற்கு நம் படையே சான்று.

புதுச்சேரியின் ஆறு மாதம்

எந்தக் குடியுரிமையை வைத்துக்கொள்வது என்ற தேர்வைத் தமிழர்கள் திரளாக எதிர்கொண்ட களம் புதுச்சேரி. பிரான்சு அப்பகுதியை இந்தியாவிடம் ஒப்படைக்கும் ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்தது. அங்கே பிறந்து அங்கேயே வாழ்ந்த பிரெஞ்சுக் குடிமக்கள் அன்றே இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் அறிவிக்கலாம் என்று ஒப்பந்தம் இடம் கொடுத்தது.

அவ்வாறு அறிவித்தவர்களில் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர்களும் அவர்கள் குடும்பத்தினரும் குறிப்பிடத்தக்கவர்கள். பிரான்சின் ஓய்வூதியம், இந்தோசீனப் போர்முனைகளின் நினைவு, பிள்ளைகளின் எதிர்காலம் ஆகியவை ஒரு தட்டில். பிறந்த மண் மற்றொரு தட்டில். பிரான்சைத் தேர்ந்தவர்கள் புதுச்சேரியிலேயே தொடர்ந்து வாழ்ந்தார்கள், தமிழ் பேசினார்கள், கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் போனார்கள். தாள் ஒரு நாட்டையும் வாழ்வு ஒரு நாட்டையும் சார்ந்திருந்தன. அதனால் இந்தியாவின் பாதுகாப்பு குலைந்துவிடவில்லை. ஆறு மாதத் தேர்வு ஒருவருடைய சட்டநிலையை முடிவு செய்தது. அவருடைய பற்றை அளக்கவில்லை, அளக்கவும் முடியாது.

அமெரிக்காவின் பதினேழு ஆண்டுப் பாடம்

அமெரிக்காவில் இரட்டைக் குடியுரிமை சட்டப்படி தடைசெய்யப்படவில்லை. எனவே பாதுகாப்பு அனுமதியில் இக்கேள்வி அங்கேதான் கூர்மையாக எழுந்தது. 2000 ஆகஸ்டில் அந்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் உயரதிகாரி ஆர்தர் மனி ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அயல்நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் அதை ஒப்படைக்க வேண்டும், இல்லையேல் அனுமதி மறுக்கப்படும் என்பது அதன் சாரம். 2005இல் திருத்தப்பட்ட வழிகாட்டு நெறிகள் இதைச் சற்றுத் தளர்த்தின. இரண்டாம் குடியுரிமையைத் துறக்க ஆயத்தமாக இருப்பதாக ஒருவர் தெரிவித்தால், அதுவே அவருக்குச் சாதகமாகக் கொள்ளப்பட்டது.

2017 ஜூன் 8 அன்று நடைமுறைக்கு வந்த நான்காம் பாதுகாப்பு ஆணை இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. இரட்டைக் குடியுரிமை இருப்பது மட்டுமே தகுதியிழப்பு ஆகாது. அமெரிக்க நலனோடு மோதல் உண்டா, எதையேனும் மறைத்தாரா என்று பார்க்க வேண்டும் என அது வரையறுத்தது. கடவுச்சீட்டைப் பிடுங்குவதில் தொடங்கிய விதி, பதினேழு ஆண்டில் மனிதரை விசாரிப்பதில் வந்து நின்றது.

தமிழுக்கும் இந்த வரலாற்றில் இடமுண்டு. 2008 இறுதியில் அறிவிக்கப்பட்ட ஒரு திட்டத்தின்கீழ், குடிமக்கள் அல்லாத சட்டபூர்வக் குடியேறிகளை மொழித்திறனுக்காக அமெரிக்கப் படை சேர்த்துக்கொண்டது. தேவைப்பட்ட மொழிகளின் பட்டியலில் தமிழும் இருந்தது. இவ்வாறு சேர்ந்த இந்தியர் ஒருவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றதும், பிரிவு 9இன்படி இந்தியக் குடியுரிமை தானாகவே நீங்கும். பாதுகாப்புச் சோதனை பற்றிய கவலையால் 2016இல் அத்திட்டத்தில் ஆள்சேர்ப்பு நிறுத்தப்பட்டது. அவர்கள் ஒரு குடியுரிமையை இழக்க ஆயத்தமாயிருந்தார்கள் என்பது அந்தக் கவலையைத் தீர்க்கவில்லை.

துறப்பு யார் கையில்?

குடியுரிமையைத் துறப்பது தனிமனிதர் ஒருவரால் மட்டும் முடிகிற செயலன்று. அதைப் பதிவு செய்து ஏற்க மற்றோர் அரசு வேண்டும். இந்தியச் சட்டத்தின் பிரிவு 8, போர்க்காலத்தில் தரப்படும் துறப்பு அறிவிப்பைப் பதியாமல் நிறுத்திவைக்கச் சொல்கிறது. கட்டாயப் படைப்பணியை முடிக்காதவரின் துறப்பைப் பதிய மறுக்கும் அதிகாரத்தைச் சிங்கப்பூர் அரசியலமைப்பு அரசுக்குத் தருகிறது. அர்ஜென்டினாவில் பிறந்தவர் தம் குடியுரிமையைத் துறக்கவே முடியாது.

எனவே துறந்தால்தான் அனுமதி என்று ஓர் அரசு விதித்தால், தன் இரகசியப் பணிக்கு யார் வரலாம் என்பதில் மற்றோர் அரசுக்கு மறுப்புரிமை கொடுத்ததாகிறது. அந்த நாடு விண்ணப்பத்தைக் கிடப்பில் போட்டால், தகுதியான ஒருவர் வெளியே நிற்பார்.

இன்னொரு தீங்கும் உண்டு. துறப்புக்காகத் தூதரகத்தின் வாசலில் நிற்பவர், தாம் முக்கியமான பணிக்குப் போகப்போவதை அந்த நாட்டுக்குத் தாமே உணர்த்திவிடுகிறார். அவரைப் பாதுகாக்க வந்த விதி அவரை அடையாளம் காட்டுகிறது. அங்கே உறவினர் இருந்தால் அழுத்தம் கொடுக்கவும் வழி பிறக்கிறது.

குடியுரிமையை விட்டவர் திரும்பி வருவதும் எளிதன்று. பெற்றோர் சிங்கப்பூர்க் குடிமக்கள் ஆனபின் 1999இல் அங்கே பிறந்த ஒருவர், வயதுவந்தபின் இந்தியக் குடியுரிமையை மீட்கக் கோரினார். சென்னை உயர் நீதிமன்றம் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் 2024 அக்டோபரில் அத்தீர்ப்பை மாற்றியது. பெற்றோரின் குடியுரிமை பிரிவு 9இன்படி தானாக நீங்கியது. அது பிரிவு 8இன்படி அறிவித்துச் செய்த துறப்பு அன்று. ஆகவே பிரிவு 8 தரும் மீட்புரிமை மகனுக்குக் கிடைக்காது என்பது நீதிமன்றத்தின் முடிவு. ஒரு தலைமுறை எடுத்த முடிவு அடுத்த தலைமுறையின் வாசலையும் அடைக்கும் என்றால், அப்படிப்பட்ட முடிவை ஒரு பணி நியமனத்தின் நிபந்தனையாக்குமுன் அரசு பன்முறை எண்ண வேண்டும்.

எதிர்வாதமும் விடையும்

மனத்தை அரசால் படிக்க முடியாது; எனவே கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தை அது கேட்பது நியாயம் என்பர். இரண்டாம் குடியுரிமை வெறும் தாளன்று. அது படைக்கு அழைக்கும், வரி கேட்கும், தப்பியோடினால் அடைக்கலமும் தரும் என்பர். இந்த வாதத்தில் உண்மை உண்டு. அணு ஆயுதம், உளவு, மறைமொழி ஆகிய சில பணிகளில் அந்த மோதல் மெய்யானது. அங்கே ஒற்றைக் குடியுரிமையை அரசு கேட்கலாம்.

ஆனால் அதையே போதிய காப்பு என்று நம்புவதுதான் ஆபத்து. அமெரிக்காவில் 1994இல் பிடிபட்ட ஆல்ட்ரிச் ஏம்சும் 2001இல் பிடிபட்ட ராபர்ட் ஹான்சனும் அந்நாட்டிலேயே பிறந்தவர்கள். உச்ச நிலைப் பாதுகாப்பு அனுமதி பெற்றவர்கள். இருவரும் மாஸ்கோவிடம் பணத்துக்கு இரகசியங்களை விற்றார்கள். இந்தியாவில் 1983இல் வெளிப்பட்ட லார்கின்ஸ் உளவு வழக்கில் சிக்கியவர்கள் ஓய்வுபெற்ற உயர் படையதிகாரிகள். 2004இல் நாட்டைவிட்டுத் தப்பிய உளவுத்துறை அதிகாரி ரவீந்தர் சிங்கும் முன்பு இந்தியப் படையில் இருந்தவர். இவர்களைக் காட்டிக்கொடுத்திருக்க வேண்டியவை வரவுக்கு மீறிய செலவும் விளக்கமில்லாத தொடர்புகளுமே. ஆரணியில் பட்டுச்சேலை வாங்குபவர் முத்திரையைப் பார்ப்பார். ஆனால் சரிகை உண்மையானதா என்று அறிய உரைத்துத்தான் பார்க்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

துறப்பைக் கேட்கும் பணிகள் எவை என்பதை அரசு முன்கூட்டியே வெளிப்படையாக வரையறுக்க வேண்டும். எல்லாப் பணிக்கும் ஒரே விதி கூடாது. அத்தகைய பணிகளிலும், துறப்பு முடிந்ததற்கான சான்றுக்குப் பதிலாகத் துறப்பதாக அளிக்கும் உறுதிமொழியை ஏற்க வேண்டும். இது புதுமையன்று; இந்தியக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையே, விண்ணப்பம் ஏற்கப்பட்டால் பழைய குடியுரிமையைத் துறப்பேன் என்ற உறுதியைத்தான் கேட்கிறது. அனுமதி மறுக்கப்படுபவருக்குக் காரணம் கூறி, அவர் பக்கத்தைக் கேட்க வேண்டும். அனுமதி பெற்றவரின் நடத்தையைப் பணிக்காலம் முழுதும் ஆராய வேண்டும்.

ஆரணிக் களத்தில் பக்கம் மாறிய 600 சிப்பாய்களுக்குத் துறக்க எதுவும் இருக்கவில்லை. இன்று துறப்பதற்குத் தாள் இருக்கிறது. அந்தத் தாளைக் கிழிக்கச் சொல்லிவிட்டு மனிதரைப் பார்க்காமல் விடும் அரசு, 1751இன் தளபதியைவிடக் கூடுதலாக எதையும் அறிந்துகொள்வதில்லை.