மன்னார்க் கரையின் உப்பும் குழந்தையின் மூளை வளர்ச்சியும்

இலங்கையில் கண்டக்கழலை நீண்டகாலமாகத் தென்மேற்கு ஈரவலயத்தின் நோயாகவே அறியப்பட்டு வந்ததால், உப்பு விளையும் மன்னார்த் தீவிலும் மீனே அன்றாடக் கறியாகும் பேசாலை, தலைமன்னார் முதலிய கரையூர்களிலும் அயடீன் குறைபாட்டுக்கு இடமில்லை என்ற எண்ணம் எளிதில் எழக்கூடும். இவ்வெண்ணம் ஏற்கத்தக்கதன்று, மூளை வளரும் முறையே அதற்கு எதிராக நிற்கிறது.

பெருமூளைப் புறணியின் நரம்புக் கலங்களில் மிகப் பெரும்பாலானவை கருக்காலத்தின் முற்பாதியிலேயே தோன்றித் தத்தமக்குரிய அடுக்குகளுக்கு நகர்கின்றன. அக்கலங்களை ஒன்றோடொன்று தொடுக்கும் நரம்பிணைப்புகளும், நரம்பிழைகளைப் போர்த்திச் செய்தியின் வேகத்தைக் கூட்டும் மயலின் என்னும் கொழுப்புறையும் பிறப்புக்குப் பின்னரே பெருவாரியாக உருவாகின்றன. பிறந்த குழந்தையின் மூளை எடை வளர்ந்தவருடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இருக்க, இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடுகிறது. இவ்விரு கட்டங்களுக்கும் தைரொயிட் ஓமோன் இன்றியமையாதது. அயடீனின்றி அது சுரக்காது. கருவின் சொந்தச் சுரப்பி 12ஆம் கிழமையளவில் இயங்கத் தொடங்கினாலும் மெல்லவே வலுப்பெறுவதால், அதுவரை சிசு தாயின் ஓமோனையே நம்பியிருக்கிறது.

கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 35 கிராம் உப்பும் 50 மைக்ரோகிராம் அயடீனும் உள்ளன. அந்த அயடீன் முழுவதும் உப்போடு தங்குவதாகவே கொண்டாலும் (உண்மையில் அவ்வாறு தங்குவதில்லை), நாளுக்கு 10 கிராம் உப்பு உண்ணும் தாய்க்கு அதிலிருந்து 15 மைக்ரோகிராம்கூடக் கிடைக்காது. கர்ப்பிணிக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதோ 250. மீனில் அயடீன் உண்டெனினும் அதன் அளவு மீனுக்கு மீன் வேறுபடும். சோளகமும் வாடையும் மாறி வீசும் கரையில் பிடிபாடும் ஆண்டு முழுவதும் ஒரே சீராக இருப்பதில்லை.

கடல்சூழ் நாடான பிரித்தானியாவில், பிறிஸ்டல் வட்டாரத் தாய்மாரிடம் நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு, கர்ப்பகால அயடீன் குறைவை எட்டு வயதுப் பிள்ளைகளின் மொழித்திறன் தாழ்வோடு தொடர்புபடுத்தியது. தொடர்பு காரணமாகிவிடாது என்பது மெய். ஆயினும் கடலருகே வாழ்வது மட்டும் காப்பாகாது என்பதற்கு அது போதிய சான்று. மறுபுறம், அல்பேனியாவில் 10 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு அயடீன் எண்ணெய் கொடுத்து நடத்திய, 2006இல் வெளியான சோதனை, பிந்திய வயதிலும் சில அறிதிறன்கள் மேம்படுவதைக் காட்டியது. ஆகவே குறைபாட்டோடு வளர்ந்த பிள்ளையைக் கைவிட்டுப் பேசுவது அறிவியலுக்கும் அறத்துக்கும் ஒவ்வாது.

எனினும் கருக்கால இழப்பை முழுதும் ஈடுசெய்ய இயலாது. குடும்பநல மாதுவிடம் ஒரு பெண் பதிவு செய்துகொள்ளும் வேளையில் சிசுவின் மூளை உருவாகத் தொடங்கிவிட்டிருக்கும் என்பதால், அவள் கருவுறும் முன்னரே அயடீன் அவளது உணவில் சேர்ந்திருக்க வேண்டும். 1995இல் இலங்கை ஏற்ற அயடீன் சேர்த்த உப்பு விதியின் சிறப்பு இதுவே. உப்பளத்திலிருந்து நேரே அடுப்படிக்கு வரும் கட்டி உப்பு இவ்விதியின் பயனைத் தராது. ஈரக் கடற்காற்றில் திறந்து கிடக்கும் பொதி உப்பும் நாளடைவில் அயடீனை இழக்கும். எனவே மன்னாரில் கண்காணிப்பு உற்பத்தி நிலையத்தோடு நின்றுவிடாமல், வீட்டு உப்புச் சட்டியில் எஞ்சும் அயடீனையும் அளக்க வேண்டும்.