படிப்பைத் தொடர்வோரும் உதவித்தொகை விதிகளும்

வேலைக்குப் போய், குடும்பம் நடத்திய பின் மீண்டும் படிப்போரைத் தமிழ்நாட்டின் உதவித்தொகை விதிகள் எல்லாக் காலத்திலும் ஒரேபோல் நடத்தவில்லை. 1944இல் தொடங்கிய பட்டியலினத்தவருக்கான மேற்படிப்பு உதவித்தொகையில் இன்று அஞ்சல்வழிப் படிப்புக்கும் இடம் உண்டு; குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டக்கூடாது.

1989இல் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் வந்த திருமண நிதியுதவி, 2022இல் புதுமைப்பெண் திட்டமாகி, மாதம் 1000 ரூபாய் கல்வி உதவியாக மாறியது. மிக நல்ல மாற்றம் இது. ஆனால் அரசுப் பள்ளியில் படித்திருந்தாலும் அஞ்சல்வழி, திறந்தநிலைப் பல்கலைக்கழக மாணவியருக்கு அது கிடையாது.

தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி மண்டலத்துக்கு வேலைக்குப் போய்க்கொண்டே, தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் சேரும் செம்பாக்கத்துப் பெண்ணை இந்த விதி வெளியே நிறுத்துகிறது. அரசு அதைத் தளர்த்த வேண்டும்.