மார்ஃபின் மாத்திரை வீடு வந்த கதை: கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் புற்றுநோய் வலி மருத்துவம், 1985–2022

1985ஆம் ஆண்டு சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலைநகரில் இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. இரண்டுக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனால் இந்த வட்டாரத்துப் புற்றுநோயாளிக்கு மார்ஃபின் மாத்திரை ஏன் இவ்வளவு காலம் எட்டாக்கனியாக இருந்தது என்று ஆராயப் புகுந்தால், இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கிறது. கல்லூரியின் முதல் அணிகள் படித்து வெளியேறிய ஆண்டுகளும், இந்திய மருத்துவமனைகளிலிருந்து மார்ஃபின் ஏறக்குறைய காணாமல் போன ஆண்டுகளும் ஒன்றே. 1985க்கும் 1997க்கும் இடையில் நாட்டின் மருத்துவ மார்ஃபின் பயன்பாடு சுமார் 97 விழுக்காடு சரிந்து, ஆண்டுக்கு 18 கிலோ என்ற அளவுக்கு இறங்கியது. நூறு கோடியை நெருங்கிக்கொண்டிருந்த மக்கள்தொகைக்கு 18 கிலோ.

மார்ஃபின் புதிய மருந்தல்ல. ஜெர்மானிய மருந்தாளர் ஃபிரெட்ரிக் செர்ட்யூர்னர் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அபினிலிருந்து அதைப் பிரித்தெடுத்துவிட்டார். விலையும் பெரிதல்ல. அபின் விளைவதோ நம் நாட்டில்தான்: மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தரப் பிரதேச மாநிலங்களில் அரசு உரிமத்தோடு கசகசாச் செடி பயிராகிறது, காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசின் ஆலைகள் இருக்கின்றன. ஆகவே இக்கட்டுரை தடம் காண முயல்வது மருந்தின் கண்டுபிடிப்பையோ விலையையோ அல்ல, மருத்துவமனைப் பூட்டிலிருந்து நோயாளியின் வீட்டுக்கு அது வந்து சேர்ந்த பாதையை. வீட்டுக்கு வராத மார்ஃபினால் ஒருவர் படுத்துக் கிடக்கலாம். எழுந்து நடமாட முடியாது. காரணம் அந்த மருந்தின் இயல்பிலேயே இருக்கிறது.

சாதாரண மார்ஃபின் மாத்திரையின் வலி தணிக்கும் ஆற்றல் ஏறத்தாழ நான்கு மணி நேரம்தான் நிற்கும். அடுத்த வேளை தவறினால் வலி திரும்பிவிடும். திரும்பிய வலியை அடக்க முன்பைவிடக் கூடுதல் மருந்து தேவைப்படும். கூடுதல் மருந்து தூக்கத்தைக் கொண்டுவரும். வலி வந்த பிறகு ஊசி போட்டுக்கொள்கிற நோயாளி வலிக்கும் மயக்கத்துக்கும் நடுவே ஊசலாடுகிறார். வலி வருமுன்பே வேளை தவறாமல் மாத்திரை எடுப்பவர் தெளிவாக இருக்கிறார். இந்திய மையங்களில் பரவலாகக் கடைப்பிடிக்கப்படும் ஒழுங்கு இது: காலை 6, 10, பகல் 2, மாலை 6, பிறகு இரவு 10 மணிக்கு இரட்டை அளவு. நள்ளிரவில் எழுந்து மாத்திரை போடும் தொல்லை இதனால் இல்லை. பெரும்பாலோருக்கு 5 அல்லது 10 மில்லிகிராமில் தொடங்கி, வலி அடங்கும்வரை படிப்படியாக ஏற்றுவார்கள். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும். அவை பொதுவாகத் தணிந்துவிடும். தணியாதது மலச்சிக்கல் ஒன்றுதான். அதற்கு உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைப்பது நிலாவாரை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறி, ஊர்ப்பெயரோடே உலகச் சந்தையில் விற்ற அதே இலை. மார்ஃபின் எழுதிக் கொடுத்து மலமிளக்கி எழுதாமல் விட்ட சீட்டு அரைகுறைச் சீட்டு என்பது இத்துறையில் பால பாடம். வலியைப் பொறுத்துக்கொண்டவர்கள் மலச்சிக்கல் தாங்காமல் மாத்திரையை நிறுத்திவிடுவதுண்டு.

அபினுக்கும் இந்தக் கடற்கரைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. கடலூர் தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் 1756இல் ஆளுநராக இருந்த ராபர்ட் கிளைவ், பிற்காலத்தில் தீராத வயிற்றுவலிக்கு அபினை நாடியவர். 1774இல் அவர் இறப்பதற்கு முந்தைய ஆண்டுதான் வங்காளத்து அபின் கும்பினியின் ஏகபோகமானது. அபின் அரசின் வருவாயாகவும் தனிமனிதரின் வலிமருந்தாகவும் ஒரே நேரத்தில் இருந்த காலம் அது. சித்த மருத்துவத்திலும் அபினுக்கும் போஸ்தக்காய்க்கும் இடமிருந்தது. 1857, 1878, 1930ஆம் ஆண்டுச் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டுப்பாட்டை இறுக்கின என்றாலும், மருத்துவர்களை மார்ஃபினிடமிருந்து விரட்டியது 1985ஆம் ஆண்டுச் சட்டமே.

அச்சட்டம் மருத்துவப் பயன்பாட்டைத் தடை செய்யவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். குறைந்தது பத்தாண்டுச் சிறை, பிணை கிடைப்பது அரிது என்ற கடுமை கடத்தல்காரருக்காக எழுதப்பட்டது. ஆனால் கணக்கில் ஒரு மாத்திரை பிசகினாலும் அதே சட்டம் தன்மேல் பாயும் என்று மருத்துவமனைகள் அஞ்சின. மருத்துவ மார்ஃபினுக்கான விதிகளை வகுக்கும் அதிகாரம் மாநிலங்களிடம் விடப்பட்டது. வைத்திருக்க ஒரு உரிமம், மாநிலத்துக்குள் கொண்டுவர ஒன்று, வெளியே அனுப்ப ஒன்று, வழியில் எடுத்துச்செல்ல ஒன்று என்று பல மாநிலங்களில் காகிதங்கள் பெருகின. எல்லாம் ஒரே சமயத்தில் உயிரோடு இருந்தால்தான் மருந்து நகரும். கடைசிக் காகிதம் வருவதற்குள் முதல் காகிதம் காலாவதியாகிவிடும். அதைவிட மார்ஃபினே வேண்டாம் என்பது எளிய வழி. பெத்திடின், பென்டசோசின் ஊசிகள் அந்த இடத்தை நிரப்பின. ஊசி என்றால் மருத்துவமனைப் படுக்கை. படுக்கை என்றால் வேலை இல்லை.

இதில் ஒரு முரண் இருக்கிறது. இந்தியா கதவைச் சாத்திய அதே நேரத்தில் உலகம் திறந்தது. 1967இல் இலண்டனில் சிசிலி சாண்டர்ஸ் நிறுவிய புனித கிறிஸ்டோபர் இல்லத்தில், வாய்வழி மார்ஃபினை வேளைதோறும் கொடுத்தால் நோயாளி அடிமையாவதில்லை, மந்தமாவதும் இல்லை என்பது நடைமுறையில் தெளிவானது. ராபர்ட் ட்வைக்ராஸின் ஆய்வுகள் அதற்கு அறிவியல் அடித்தளம் இட்டன. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலித் தணிப்பு பற்றிய சிறு நூலை வெளியிட்டது. மூன்று படி ஏணி என்று மருத்துவ மாணவர் எல்லோரும் ஒப்பிப்பது அதிலிருந்து வந்ததுதான்: முதலில் பாரசிட்டமால் போன்றவை, அடுத்து கோடீன் போன்ற மென்மையான அபின்வகை மருந்துகள், அதற்கும் மேல் மார்ஃபின். ஏணியைவிட அந்த நூலின் முக்கியமான பகுதி, என் கணிப்பில், அது வரிசைப்படுத்திய இலக்குகள். முதலில் வலியின்றி இரவுத் தூக்கம். அடுத்து உட்கார்ந்திருக்கையில் வலியின்மை. கடைசியாக நிற்கும்போதும் நடக்கும்போதும் வலியின்மை. மூன்றாம் இலக்கு எல்லோருக்கும் கைகூடாது என்பதை இத்துறையினர் மறைப்பதில்லை. ஆனால் இலக்கு என்று ஒன்று எழுதப்பட்டுவிட்டது. பண்ருட்டியில் முந்திரிக்கொட்டை உடைக்கும் பெண்ணுக்கு அது குந்தி உட்கார முடிவது. பரங்கிப்பேட்டை மீனவருக்கு வலை சீர்செய்ய முடிவது. பத்துக்கு எத்தனை வலி என்று எண்ணில் கேட்பதைவிட, நேற்றிரவு தூங்கினீர்களா, உலை வைக்க முடிந்ததா என்று கேட்பதில் அதிகம் தெரியவரும்.

ஏணியின் நடுப்படி இந்தியாவில் அடிக்கடி ஆட்டம் கண்டிருக்கிறது. ஏழை நோயாளிகளின் மலிவான நடுப்படியாக இருந்த டெக்ஸ்ட்ரோபுரொபாக்ஸிஃபீன் 2013இல் நிறுத்தப்பட்டது. அதன் இடத்தில் பரவிய டிரமடால் 2018இல் போதைப்பொருள் சட்டத்தின் வரம்புக்குள் வந்தது. சிறு ஊர் மருந்துக் கடைகள் அதையும் வைக்கத் தயங்கும் நிலை உருவானது. நடுப்படியைத் தாண்டி, குறைந்த அளவு மார்ஃபினிலேயே தொடங்கிவிடலாம் என்று பல மருத்துவர்கள் கருதுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

மாற்றத்தின் ஊற்று கேரளம். 1993இல் கோழிக்கோட்டில் எம்.ஆர். இராஜகோபால், சுரேஷ்குமார் முதலியோர் தொடங்கிய வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கம், மார்ஃபினை நோயாளியின் கையிலேயே கொடுத்து வீட்டுக்கு அனுப்பியது. ஊர்த் தன்னார்வலர்கள் வீடு வீடாகச் சென்று பார்த்தார்கள். மருந்து திருட்டுப் போகும், விற்கப்படும் என்ற அச்சம் மெய்ப்படவில்லை. 1998இல் மத்திய அரசு எளிய மாதிரி விதிகளை மாநிலங்களுக்கு அனுப்பியபோது, முன்மாதிரியாகக் காட்ட ஒரு நடைமுறை ஏற்கெனவே இருந்தது.

கடலூர் உள்ளிட்ட தென்னார்க்காட்டுக்கு அப்படி ஒரு இயக்கம் வாய்க்கவில்லை. இங்குள்ள நோயாளிகளின் பாதை இரண்டு. ஒன்று, 1954இல் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் எழுந்த சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம். மற்றொன்று, கடலூரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டரில் இருக்கும் ஜிப்மர் மருத்துவமனை. தொலைவு குறைவு, செலவும் குறைவு என்பதால் ‘ஜிப்மருக்குப் போறோம்’ என்பது இந்த மாவட்டத்து வீடுகளில் புற்றுநோய்க்கு மறுபெயர் போலவே ஆகிவிட்டது. ஆனால் ஜிப்மர் இருப்பது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில். சீட்டோடு மருந்தை நோயாளி வாங்கிவரலாம். மருந்துக் கையிருப்பை மாநில எல்லை தாண்டி அனுப்புவதற்கோ மேலே சொன்ன காகிதங்கள் அத்தனையும் வேண்டியிருந்தன. சிகிச்சை ஒரு நிர்வாகத்தின் கீழ், வீடு இன்னொரு நிர்வாகத்தின் கீழ். காட்டுமன்னார்கோயில் பக்கத்து நோயாளிக்கு மாத்திரை தீர்ந்தால் ஒரு நாள் முழுக்கப் பேருந்துப் பயணம். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவேதான் கரையேறியது. மரங்கள் விழுந்து சாலை அடைபட்ட அத்தகைய நாள்களில், நான்கு மணி நேர மருந்தை எல்லைக்கு அப்பால் நம்பியிருப்பது என்ன பொருள் தரும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

சட்டத்தில் உடைப்பு ஏற்பட நீண்ட வழக்காடல் தேவைப்பட்டது. 2007இல் இந்திய நோய்த்தணிப்புச் சிகிச்சைச் சங்கம் உச்ச நீதிமன்றத்தை அணுகியது. 2014இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி ‘இன்றியமையாப் போதை மருந்துகள்’ என்ற புதிய வகையை உருவாக்கியது. அடுத்த ஆண்டு மே மாதம் மார்ஃபின், ஃபென்டனில், மெத்தடோன், ஆக்ஸிகோடோன், ஹைட்ரோகோடோன், கோடீன் ஆகிய ஆறும் அப்பட்டியலில் இடம்பெற்றன. மாநிலத்துக்கு மாநிலம் மாறிய உரிமக் கூட்டத்துக்குப் பதிலாக, மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் ஒரே ஒப்புதலோடு ‘அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனம்’ ஆகிவிடலாம் என்றானது. ஆனால் சட்டம் மாறியதும் மாத்திரை வந்துவிடவில்லை. 2017இல் வெளியான லான்செட் ஆணையத்தின் அறிக்கை, இந்தியாவில் கிடைக்கும் அபின்வகை வலிமருந்து தேவையில் 4 விழுக்காட்டையே ஈடு செய்கிறது என்று கணக்கிட்டது. உரிமத்தை எளிதாக்கலாம், எழுதிப் பழகாத கைகளை ஆணையிட்டு எழுத வைக்க முடியாது. 1985க்குப் பிந்தைய தலைமுறை மருத்துவர்களுக்கு மார்ஃபின் பாடநூலில் படித்த மருந்தே தவிர, வார்டில் பார்த்த மருந்தல்ல. நோய்த்தணிப்புச் சிகிச்சை இளநிலை மருத்துவப் பாடத்திட்டத்தில் முறையாக இடம்பெற 2019 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த வட்டாரத்தைப் பொறுத்தவரை உண்மையான திருப்பம் சட்டத்தைவிட நிர்வாகத்தில் நேர்ந்தது என்பதே என் முடிவு. 2013இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் தமிழ்நாடு அரசின் பொறுப்பில் வந்தது. பின்னர் கல்விக் கட்டணத்தை எதிர்த்து மாணவர்கள் நடத்திய போராட்டத்தின் விளைவாக, அதன் கீழ் இருந்த இராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆனது. கட்டணத்துக்காக எழுந்த போராட்டம் வலிமருந்தின் வரலாற்றில் இடம்பெறுவது எதிர்பாராதது. ஆனால் அதனால்தான் மாவட்டத்தின் தென்கோடியில் ஒரு பெரிய மருத்துவமனை, கடலூர் அரசு தலைமை மருத்துவமனையும் வட்டார ஆரம்ப சுகாதார நிலையங்களும் இருக்கும் அதே துறையின் கீழ் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், வட்டாரத்துக்கு ஒரு நோய்த்தணிப்புச் செவிலியரையும் ஒரு இயன்முறை மருத்துவரையும் வீடுகளுக்கு அனுப்பியது. செவிலியரோடு இயன்முறை மருத்துவரும் போவது சிறிய விஷயமல்ல. வலி தணிந்த பின் கால்களை மீண்டும் பழக்க ஆள் வேண்டும் என்று திட்டத்தின் அமைப்பே ஏற்றுக்கொண்டிருக்கிறது.

மீதமிருப்பவை மருத்துவச் சிக்கல்கள். கருப்பைவாய்ப் புற்று முற்றினால் சிறுநீர்க்குழாய்களை அடைத்துச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அப்போது மார்ஃபினின் சிதைபொருள்கள் உடலில் தங்கிவிடும். நேற்றுவரை ஒத்துக்கொண்ட அளவே இன்று மயக்கத்தையும் கைகால் வெட்டி இழுப்பதையும் உண்டாக்கும். அளவைக் குறைக்க வேண்டும், வேளைகளை எட்டி வைக்க வேண்டும், அல்லது ஃபென்டனிலுக்கு மாற வேண்டும். வீட்டாருக்கோ மாத்திரைதான் ஆளைச் சாய்த்தது என்று தோன்றும்; அடுத்த தெருவில் இன்னொருவர் அதே மருந்தை மறுக்க அது போதும். இதை முதலில் கவனிக்கக்கூடியவர் வீட்டுக்கு வரும் செவிலியர். ஆனால் மார்ஃபின் எழுதவோ அளவை மாற்றவோ இந்தியச் சட்டத்தில் செவிலியருக்கு அதிகாரம் இல்லை. அவர் மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மருத்துவர் சீட்டு எழுத வேண்டும். அதை வாங்க வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்கு வர வேண்டும்.