மக்ஷெய்ன் வேதவாசிப்பு அட்டவணை

மக்ஷெய்ன் வேதவாசிப்பு அட்டவணை, ஓராண்டில் பழைய ஏற்பாட்டை ஒரு முறையும் புதிய ஏற்பாட்டையும் சங்கீதங்களையும் இரு முறையும் வாசித்து முடிப்பதற்கான நாள்வாரித் திட்டம். ஸ்காட்லாந்தின் டண்டி நகரில் புனித பேதுரு ஆலயத்துப் போதகராயிருந்த ராபர்ட் மரே மக்ஷெய்ன் (1813–1843) தம் சபையாருக்காக 1842 டிசம்பர் இறுதியில் இதை வெளியிட்டார். அடுத்த மார்ச் மாதமே, 29 வயதில், டைஃபஸ் காய்ச்சல் அவரைக் கொண்டுபோயிற்று.

நாளொன்றுக்கு நான்கு பகுதிகள்: இரண்டு குடும்ப ஜெபத்தில் வாசிக்க, இரண்டு தனி ஜெபத்தில் வாசிக்க. ஜனவரி 1 அன்று ஆதியாகமம், மத்தேயு, எஸ்றா, அப்போஸ்தலர் நடபடிகள் ஆகியவற்றின் முதல் அதிகாரங்கள் வருகின்றன. படைப்பு, கிறிஸ்துவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து யூதர் திரும்புதல், திருச்சபையின் உதயம் என நான்குமே தொடக்கங்கள். புராட்டஸ்டண்டு வேதாகமத்தில் 1,189 அதிகாரங்கள். இரு முறை வாசிப்பவற்றையும் சேர்த்தால் 1,599. தினம் நான்கு வீதம் எடுத்தாலும் இவை ஓராண்டில் அடங்காது. எனவே சில நாட்களில் சிறிய அதிகாரங்கள் இணைந்து வரும். 119ஆம் சங்கீதம் பல நாட்களுக்குப் பிரியும்.

ஆண்டுத் தொடக்கத்தில் உற்சாகமாக வாசிக்கத் தொடங்குவோர் பலர் லேவியராகமத்தின் பலிமுறைகளில் சோர்ந்து நின்றுவிடுவதுண்டு. இந்த அட்டவணையில் ஏப்ரல் மாதம் லேவியராகமத்தோடு சங்கீதங்களும் நீதிமொழிகளும் பவுலின் நிருபங்களும் உடன் வருவதால், வறண்ட பகுதியில் யாரும் தனித்து விடப்படுவதில்லை. இதன் நடைமுறைச் சிறப்பு இதுவே.

ஆனால் மக்ஷெய்ன் பெரிதாக எண்ணியது சபையின் ஒருமை. எல்லா வீட்டிலும் அன்று ஒரே பகுதி வாசிக்கப்பட்டால், பெற்றோர் அதிலிருந்து பிள்ளைகளிடம் கேள்வி கேட்கலாம். வழியில் சந்திப்போர் அதையே பேசலாம். மந்தை எங்கே மேய்கிறது என்பது போதகருக்குத் தெரியும். அட்டவணைக்கு எழுதிய முன்னுரையில் இவற்றைச் சொல்லும் அவர், அதன் ஆபத்துகளையும் மறைக்கவில்லை: வாசிப்பு வெறும் சடங்காகலாம், அன்றைய பங்கை முடித்த திருப்தி சுயநீதியாகலாம், அவசரத்தில் கவனம் போகலாம், சிலருக்கு இது சுமக்க முடியாத நுகமாகலாம். திட்டம் வகுத்தவரே அதன் பலவீனங்களை இவ்வளவு வெளிப்படையாக எழுதியது அரிது. அட்டவணையோடு அந்த முன்னுரையையும் படிப்பது அவசியம்.

இருபதாம் நூற்றாண்டில் லண்டன் போதகர்கள் மார்ட்டின் லாயிட்-ஜோன்ஸ், ஜான் ஸ்டாட் ஆகியோர் இதைப் பின்பற்றினர். வேத அறிஞர் டி. ஏ. கார்சன் இதையொட்டி இரு தொகுதிகளாக நாள்வாரித் தியானங்கள் எழுதினார். குடும்ப ஜெபம் அருகிவிட்ட இடங்களில் நான்கு பகுதிகளையும் ஒருவரே வாசிக்கிறார். அது பாரமாகும்போது நாளுக்கு இரண்டாகக் குறைத்து ஈராண்டில் முடிப்பதும் வழக்கில் உண்டு.