மைக்ரோபிட்: உள்ளங்கைப் பலகையும் 35 ஆண்டு வரலாறும்



சில வாரங்களுக்கு முன் ஒரு தந்தையார் என்னிடம் கேட்டார்: "டீச்சர், இந்தச் சின்னப் பலகையில் விளக்கு எரிவதைப் பார்த்து என் மகன் என்ன கற்றுக்கொள்ளப் போகிறான்? கைப்பேசியில் இதைவிட எவ்வளவோ இருக்கிறதே!" அன்று சுருக்கமாக ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். முழுமையான விடை ஒரு வரலாறாக இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

அவர் குறிப்பிட்டது மைக்ரோபிட் எனும் நுண்கட்டுப்படுத்திப் பலகை. நீளம் 5 சென்டிமீட்டர், அகலம் 4 சென்டிமீட்டர். அதில் 25 சிறு விளக்குகள், இரண்டு பொத்தான்கள், அசைவை உணரும் உணரி, கம்பியில்லாமல் செய்தி அனுப்பும் வானலைக் கருவி ஆகியவை உள்ளன. இரண்டு சிறிய மின்கலங்கள் இருந்தால் இயங்கும்.

இதன் கதை இங்கிலாந்தில் தொடங்குகிறது. மக்களுக்குக் கணினி அறிவைப் புகட்ட விரும்பிய பி.பி.சி. நிறுவனம், தொலைக்காட்சித் தொடரோடு பழகுவதற்கு ஒரு கணினியும் வேண்டும் என முடிவெடுத்தது. கேம்பிரிட்ஜ் நகரத்து ஏகோர்ன் நிறுவனம் உருவாக்கிய 'பி.பி.சி. மைக்ரோ' 1981 டிசம்பரில் வெளிவந்தது. பள்ளிகள் வாங்குவதற்கு அரசாங்கம் பாதி விலையை ஏற்றது. அந்தக் கணினியை முடுக்கினால் படமோ விளையாட்டோ தோன்றாது. திரையில் ஒரு சிறு குறி நின்று, கட்டளைக்குக் காத்திருக்கும். மாணவன் கட்டளையிட்டால்தான் அது வேலை செய்யும்.

ஏகோர்ன் அடுத்ததாகச் சொந்தச் செயலியை வடிவமைக்க முனைந்தது. சோஃபி வில்சன், ஸ்டீவ் ஃபர்பர் ஆகிய இருவரும் அதில் முதன்மையானவர்கள். அவர்களிடம் பெரும் பணமும் இல்லை, பெருங்கூட்டமும் இல்லை. சில்லு சூடேறினால் விலையுயர்ந்த பீங்கான் உறை தேவைப்படும். மலிவான ஞெகிழி உறையே போதுமானதாக இருக்கவேண்டும் என்பதற்காக, மின்செலவு ஒரு வாட்டைத் தாண்டக்கூடாது என வரம்பு வகுத்துக்கொண்டனர்.

1985 ஏப்ரல் 26-ஆம் நாள் முதல் ஏ.ஆர்.எம். சில்லு வந்து சேர்ந்து, இயங்கியது. அது எவ்வளவு மின்னோட்டத்தை எடுத்துக்கொள்கிறது என்று ஃபர்பர் அளந்து பார்த்தபோது மானி சுழியைக் காட்டியது. சில்லோ இயங்கிக்கொண்டிருந்தது! ஆராய்ந்து பார்த்ததில், சில்லுக்கு மின்சாரம் தரும் இணைப்பே பலகையில் விடுபட்டிருந்தது தெரிந்தது. மற்ற கால்களின் வழியாகக் கசிந்து வந்த சிறிதளவு மின்சாரமே அதற்குப் போதுமானதாக இருந்திருக்கிறது. இன்று நம் கைப்பேசிகளில் இருப்பவை அந்தச் சில்லின் வழித்தோன்றல்களே. சிக்கனத்துக்காக வகுத்த வரம்பே பின்னாளில் பெரும் வலிமையாயிற்று.

ஆனால், அதே நாட்டுப் பள்ளிகள் பிற்பாடு வழிமாறின. கணினிப் பாடம் என்பது கடிதம் தட்டச்சு செய்வதும் படவில்லைகள் தயாரிப்பதும் என்றாயிற்று. 2011-இல் எடின்பரோவில் உரையாற்றிய கூகுள் நிறுவனத்தின் எரிக் ஷ்மிட், பிரிட்டன் தன் கணினி மரபை வீணடிப்பதாகக் குறை கூறினார். 2012 ஜனவரியில் ராயல் சொசைட்டி, பள்ளிக் கணினிக் கல்வியை மறுபடி தொடங்கவேண்டிய நிலை உள்ளதா என வினவும் அறிக்கையை வெளியிட்டது. 2014 செப்டம்பரில் இங்கிலாந்தின் கலைத்திட்டம் மாறியது. நிரலாக்கம் தொடக்கப்பள்ளிக்கே வந்தது.

இதனிடையே நார்வே நாட்டில் இன்னொரு பணி நடந்தது. அங்குள்ள நோர்டிக் செமிகண்டக்டர் நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. குறைந்த மின்சாரத்தில் இயங்கும் வானலைச் சில்லுகளால் பெயர்பெற்றது. 2006-இல் நோக்கியா 'வைப்ரீ' எனும் பெயரில் அறிவித்த நுட்பம், 2010-இல் குறையாற்றல் புளூடூத்தாகத் தரநிலையில் சேர்ந்தது. தேவைப்படும்போது மட்டும் விளக்கைப் போடும் சிக்கனமான வீட்டைப் போன்றது இது. விழித்து, இரண்டு சொல் பேசி, உடனே உறங்கிவிடும்.

இவ்விரு ஓடைகளும் மைக்ரோபிட்டில் கலந்தன. 2015 மார்ச்சில் பி.பி.சி. திட்டத்தை அறிவித்தது. மின்வழங்கலில் ஏற்பட்ட சிக்கலால் சில மாதங்கள் தாமதமாகி, 2016 மார்ச்சில் பிரிட்டனின் ஏழாம் ஆண்டு மாணவர்களுக்கு இலவசமாக வழங்கத் தொடங்கினர். இலக்கு 10 இலட்சம் பலகைகள். உள்ளே இருந்தது நோர்டிக் சில்லு, அதனுள் ஏ.ஆர்.எம். செயலி! 1981-இன் பி மாதிரிக் கணினிக்கு நினைவகம் 32 கிலோபைட். முதல் மைக்ரோபிட்டுக்கோ 16 கிலோபைட்தான். 2020-இல் ஒலிபெருக்கி, ஒலிவாங்கியுடன் வந்த இரண்டாம் பதிப்பில்தான் அது 128 கிலோபைட் ஆயிற்று.

சரி, தொடங்குவது எப்படி? யூ.எஸ்.பி. கம்பியால் கணினியில் இணைத்தால் பலகை ஒரு விரலியைப் போலத் தெரியும். உலாவியில் மேக்கோடு தளத்தைத் திறந்து, கட்டளைக் கட்டங்களை அடுக்கி, கோப்பைப் பதிவிறக்கி அதில் போட்டால் போதும். பலகை இல்லாதவர்கள் திரையிலுள்ள மாதிரிப் பலகையிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

என் வகுப்பின் முதல் வானலைப் பாடம் குழப்பத்தில் முடிந்தது. நான்கு இணை மாணவர்கள், எட்டுப் பலகைகள். ஒருவர் பொத்தானை அழுத்தினால் நண்பரின் பலகையில் இதயம் தோன்றவேண்டும். ஆனால், எல்லாருடைய பலகையிலும் தோன்றிற்று! எல்லாருக்கும் குழு எண் 1 என்று நானே எழுதிப்போட்டிருந்தேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "டீச்சர், எல்லா வீட்டுக்கும் ஒரே எண் போட்டால் கடிதம் யாருக்குப் போகும்?" என்றாள். 0 முதல் 255 வரை எண்கள் உண்டு; இணைக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டோம். முகவரி என்றால் என்ன என்பதை அன்று நான் கற்பிக்கவில்லை, அவர்களே கண்டுபிடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அணைக்காமல் விட்ட பலகைகள் திங்கட்கிழமை உயிரற்றுக் கிடந்தன. "குறைந்த மின்சாரம் என்றீர்களே?" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி! நம் நிரல் வானலையை இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருந்தது, விளக்குகளும் எரிந்தன. சில்லுக்கு உறங்கத் தெரியும். உறங்கவிடுவது நிரல் எழுதுபவரின் கையில் இருக்கிறது.

அந்தத் தந்தையாருக்கு என் விடை இதுதான். கைப்பேசி உங்கள் மகனுக்கு எல்லாவற்றையும் தருகிறது; ஆனால் அதன் உள்ளே நடப்பதைக் காட்டுவதில்லை. பலகை ஒன்றுமே தருவதில்லை; அவன் சொன்னதை மட்டும் செய்கிறது. தவறு நேர்ந்தால் அது அவனுடைய தவறு. திருத்தினால் அது அவனுடைய வெற்றி.

செயலியைப் படைத்த நாடே அந்தப் பழக்கத்தைக் கைநழுவவிட்டு, பின்னர் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. போட்டி முடிந்ததும் பலகைகளைப் பெட்டியில் வைத்து அலமாரியைப் பூட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. நானும் ஓராண்டு அப்படிச் செய்தவள்தான். ஆசிரியர்களே, அந்த அலமாரியைத் திறப்போம். மின்கலங்கள் தீர்ந்தால் தீரட்டும். பிள்ளைகளின் கேள்விகள் தீராமல் இருக்கட்டும்.