கிடங்கில் நடப்போர் வழி

தமிழ்நாடு சேமிப்புக் கிடங்கு நிறுவனம் 1958-இல் தோன்றிய காலத்தில், மூட்டைகள் பெரும்பாலும் சுமைதூக்குவோரின் தலையிலும் முதுகிலுமே ஏறி இறங்கின என்பதால், கிடங்கில் நடப்பவரும் சுமப்பவரும் ஒருவராகவே இருந்தனர். ஃபோர்க்லிஃப்ட், அதாவது முன்புறக் கவைகளால் சரக்கைத் தூக்கிச் செல்லும் வண்டி, இந்நிலையை மாற்றியது. அமெரிக்காவின் கிளார்க் நிறுவனம் 1917-இல் உருவாக்கிய தொழிற்சாலைச் சரக்கு வண்டியிலிருந்து வளர்ந்த இவ்வகையில், பின்சக்கரங்களே திரும்புவதால் வளைவில் வண்டியின் வால்பகுதி வெளியே வீசும். உயரமாக அடுக்கிய சரக்கு ஓட்டுநரின் கண்ணை மறைக்கும். அருகில் நடப்பவருக்கு ஆபத்து இவ்விரண்டாலும் நேர்கிறது.

இந்தியச் சட்டம் இத்தகைய ஆபத்தை முன்பே உணர்ந்திருந்தது என்பது போற்றத்தக்கது. 2025 வரை நடைமுறையில் இருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 29-ஆம் பிரிவில், நகரும் பாரந்தூக்கியின் சக்கரப் பாதையிலோ அதன் அருகிலோ, அது மோதக்கூடிய இடத்தில் ஒருவர் வேலை செய்தால், அவ்விடத்திலிருந்து 6 மீட்டருக்குள் அது நெருங்காதபடி தடுக்க வேண்டும் என விதித்திருந்தது. அத்தகைய பாதுகாப்பு கிடங்கில் நடப்பவருக்கும் வேண்டும்; ஆனால் தண்டவாளமின்றி எத்திசையிலும் திரும்பும் ஃபோர்க்லிஃப்டுக்குத் தரையில் தீட்டிய மஞ்சள் கோடு மட்டும் போதாது. நடப்போர் வழியை இரும்புத் தடுப்பால் பிரித்து, குறுக்குச் சந்திகளில் குவிவுக் கண்ணாடி பொருத்தும் கடமையைக் கிடங்கு உரிமையாளர்கள் இனியும் தள்ளிப்போடலாகாது.