போர்த் துப்பாக்கியும் வரலாற்றுச் சான்றும்

பழஞ்சுவடி ஒன்று கிடைத்தால் அறிஞர் இரண்டு வினாக்களை எழுப்புவர். அஃது எக்காலத்தது, யார் கையால் எழுதப்பட்டது என்பது ஒன்று. செல்லரிப்பும் சிதைவும் எவ்வளவு என்பது மற்றொன்று. முன்னது மூலத்தன்மை பற்றியது. பின்னது நிலை பற்றியது. பழைய போர்த் துப்பாக்கியை மதிப்பிடுவோரும் இவ்விரு வினாக்களையே கேட்க வேண்டும். இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, பளபளப்பானதே உண்மையானது என்று முடிவு செய்வதால் சான்றுகள் பல அழிந்துபோகின்றன.

ஜொகூர் மாநிலத்தின் வரலாற்றில் இவ்வினாவுக்குத் தனி இடம் உண்டு. சுல்தான் அபுபக்கர் 1886-இல் நிறுவிய ஜொகூர் இராணுவப் படை இன்றும் உள்ளது. மலேசியாவில் தனக்கெனப் படை வைத்திருக்கும் மாநிலம் அஃது ஒன்றே. 1942 சனவரியில் மூவார், பக்ரி, பாரிட் சூலோங் வட்டாரத்தில் இந்தியாவின் 45-ஆம் பிரிகேடும் ஆஸ்திரேலியப் படையினரும் ஜப்பானியரை எதிர்த்துப் பொருதனர். பாரிட் சூலோங்கில் விட்டுச்செல்ல நேர்ந்த காயமுற்ற வீரர் ஏறத்தாழ 150 பேர் கொல்லப்பட்டனர். பின்வாங்கிய படைகள் மலாயாவெங்கும் விட்டுச்சென்ற ஆயுதங்களிற் பல, காட்டிலிருந்து ஜப்பானியரை எதிர்த்த மலாயா மக்கள் படையின் கைக்கு எட்டின. 1945 டிசம்பரில் அப்படை கலைக்கப்பட்டபோது எல்லா ஆயுதங்களும் ஒப்படைக்கப்படவில்லை. மறைத்துவைக்கப்பட்டவை, 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் மீண்டும் வெளிவந்தன. ஆதலின் ஒரே துப்பாக்கி பல கைகள் மாறியிருக்கக்கூடும்.

பிரிட்டிஷ் தரப்புப் படைகள் ஏந்திய 303 லீ-என்பீல்டு துப்பாக்கியே இங்கு முதன்மையானது. அதன் பழைய வகையில், அடிக்கட்டை செருகப்படும் எஃகு வளையத்தின் வலப்புறத்தில் முடிச்சின்னமும், அரசரின் பெயரெழுத்தும், செய்த இடமும், ஆண்டும் பொறிக்கப்பட்டிருக்கும். வங்காளத்தின் இச்சாப்பூரிலும், 1912-இல் திறக்கப்பெற்ற ஆஸ்திரேலியாவின் லித்கோ தொழிற்சாலையிலும் இவ்வகை செய்யப்பட்டது. முத்திரையைப் போலவே மரமும் பேசும். இச்சாப்பூர்க் கட்டையும் லித்கோக் கட்டையும் ஒரே மரத்தால் ஆனவையல்ல.

ஆண்டு முத்திரையை அறிந்து பயன்படுத்த வேண்டும். அது முன்னெல்லையைக் காட்டுமேயன்றிப் பின்னெல்லையைக் காட்டாது. 1918 என்று பொறித்த துப்பாக்கி 1942-இலும் 1950-இலும் சுட்டிருக்கலாம். 1943 என்று பொறித்தது மூவார்ப் போரில் இருந்திருக்க முடியாது. இந்த ஒரு கணக்கே பல கதைகளைத் தள்ளிவிடப் போதுமானது.

அடுத்து எண்கள். உடற்பகுதி, குழல், போல்ட், குறிபார்க்கும் பட்டை, முன்முனை மூடி ஆகியவற்றில் ஒரே தொடர் எண் இருந்தால் அவை தொடக்கத்திலேயே ஒன்றாகச் சேர்க்கப்பட்டவை எனக் கருதலாம். எனினும் எண் மாறியிருப்பது போலிக்கு அறிகுறி அன்று. படையின் பழுதுபார்க்கும் பட்டறைகள் தேய்ந்த பகுதியை மாற்றி, தம் முத்திரையையும் இட்டன. அது துப்பாக்கியின் பணிக்காலத்தைச் சேர்ந்த மாற்றம். சுவடியைப் படியெடுத்தவர் செய்த திருத்தம் போன்றது. பிற்காலத்தில் விற்பனைக்காகச் செய்த மாற்றமோ இடைச்செருகல் போன்றது. இவ்விரண்டையும் பிரித்தறிவதே மதிப்பீட்டின் உயிர்நிலை.

இடைச்செருகலுக்கு நல்ல எடுத்துக்காட்டு, 'ஜங்கிள் கார்பைன்' எனப்படும் 5-ஆம் எண் லீ-என்பீல்டு. அவசரகாலத்தில் மலாயாக் காடுகளில் பிரிட்டிஷ் படைகள் இதனைப் பெரிதும் பயன்படுத்தின. 1944 முதல் 1947 வரை ஏறத்தாழ இரண்டரை லட்சம் செய்யப்பட்டன. மதிப்பு உயர்ந்ததும், 4-ஆம் எண் துப்பாக்கியின் குழலைக் குறைத்து, முனையில் கூம்பு பொருத்திப் போலிகளும் எழுந்தன. உண்மையானதில் எடை குறைப்பதற்காக உடற்பகுதியிலும், குழல் அதனுடன் சேருமிடத்திலும் எஃகு கடைந்தெடுக்கப்பட்டிருக்கும். போலியில் வெளித்தோற்றமே இருக்கும். மரத்தைக் கழற்றினால் இக்கடைசல் இராது. குறிபார்க்கும் பட்டையும் 800 கெசத்தோடு நிற்க வேண்டும். 4-ஆம் எண்ணின் பட்டை 1300 வரை செல்லும்.

அழிவே சான்றாவதும் உண்டு. ஜப்பானியரின் அரிசாகா துப்பாக்கியில் பேரரசின் 16 இதழ்ச் செவ்வந்தி பொறிக்கப்பட்டிருக்கும். 1945-இல் சரணடைந்தபோது ஒப்படைக்கப்பட்ட பலவற்றில் அம்மலர் அராவி நீக்கப்பட்டது. மலர் அராவப்பட்டிருந்தால் சரணடைவையும், முழுதாக இருந்தால் போர்க்களத்தில் கைப்பற்றியதையும் பெரும்பாலும் நினைக்கலாம், விலக்குகளும் உண்டு. அராவிய இடத்தில் மலரைப் புதிதாகப் பொறிப்பவர் வரலாற்றின் ஒரு வரியைத் துடைத்தவராவார்.

இனி நிலை. குழலின் உட்புற முறுக்கு வரிகள் கூர்மையாக உள்ளனவா, துருக்குழிகள் உள்ளனவா என்பதை விளக்கொளியில் காணலாம். அக்காலத் தோட்டாக்களின் வெடிமருந்துத் தொப்பியில் இருந்த வேதிப்பொருள் குழலில் உப்பை விட்டுச்செல்லும்; அது காற்றின் ஈரத்தை உறிஞ்சித் துருவை உண்டாக்கும். இதனாலேயே வீரர் கொதிநீர் ஊற்றிக் கழுவிய பின் எண்ணெய் இட்டனர். ஜொகூரின் ஈரக்காற்றில் இக்கடமை தவறிய துப்பாக்கி விரைவில் கெடும். ஆனால் உப்புத்தாள் கொண்டு துருவைத் தேய்ப்பது முத்திரைகளையும் தேய்த்துவிடும். ஆளிவிதை எண்ணெய் ஊறிய கட்டையின்மேல் வார்னிஷ் பூசினால், அதனைத் தாங்கிய கையின் தடமும் மறையும். துருவைப் பரவாமல் நிறுத்துவதே காப்போர் கடமை, புதிதாக்குவதன்று.

துப்பாக்கியால் சொல்ல இயலாததும் உண்டு. 1950 பிப்ரவரி 23-இல் மூவார் ஆற்றங்கரையில் புக்கிட் கெப்போங் காவல் நிலையம் தாக்கப்பட்டது. காவலர் பலர் இறுதிவரை போராடி மாண்டனர். இத்தகைய நிகழ்ச்சியோடு ஓர் ஆயுதத்தை இணைக்க, அதன் எண்ணைத் தாங்கிய ஆவணம் வேண்டும். முத்திரை காலத்தைக் காட்டும். ஏந்தியவர் பெயரைக் காட்டாது.

மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருத்தல் குற்றம். காட்டிலோ தோட்டத்திலோ பழைய ஆயுதம் தென்பட்டால் அதைத் தொடாமல் காவல் துறைக்கு அறிவிப்பதே முறை. உள்ளே தோட்டா இருக்கக்கூடும். அது கிடந்த இடத்தையும் கிடந்த வகையையும் குறித்துவைப்பது ஆய்வுக்குப் பேருதவியாகும். பிறகு அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் அது துருவோடு நின்றாலும் குறையில்லை. மூவாரில் மாண்டவர்க்கும் அவசரகாலத்தில் மடிந்தவர்க்கும் அது பொய் சொல்லாத சாட்சியாக நிற்கும்.